கூடை இல்லாமல் வந்த ருக்கு

ஆரோக்கியமேரி பேச ஆரம்பித்தால் கண்டக்டரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிடுவார். லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பொன்னேரிச் சந்தைக்கு இருபத்தாறு வருடமாக இறாலும் நண்டும் கொண்டுபோகிறவள். போன வருடம் இந்தத் தடத்தில் ஏ.சி. பேருந்துகளை விட்டு, பழையவற்றை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். புதியதில் மீன்கூடைக்கு இடமில்லை. நாற்றமாம். அலுவலகம் போகிறவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் அது சரி என்றார்கள். சாயங்காலம் அவர்கள் வீட்டுக் குழம்பில் மட்டும் மல்லிகைப்பூவா கொதித்தது?

ஊர் கூடிக் கட்டுப்பாடு போட்டது: கூடையை ஏற்றும்வரை, ஆஸ்பத்திரி அவசரத்துக்குத் தவிர குப்பத்துப் பெண்கள் யாரும் ஏ.சி. பேருந்தில் ஏறக்கூடாது. நிறுத்தத்தில் நின்று பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மேரிக்கு. இரண்டாம் வாரமே தில்லுமுல்லு தொடங்கியது. கூடையை ஷேர் ஆட்டோவில் அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிக் கைவீசி ஏறிய இரண்டு பேரை அன்றே சந்தையில் கையும் களவுமாகப் பிடித்தாள்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு ருக்கு கூடையில்லாமல் வந்தாள். சந்தையிலும் மேரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விற்பவள்.

"யக்கா, நெஞ்சு ஒரு மாதிரி கனக்குது. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துர்றேன்."

"நேத்து அவளுங்களும் இதத்தான் சொன்னாளுங்க. கூட எந்த ஆட்டோல போவுது?"

ருக்கு ஏ.சி. பேருந்தின் படியில் வைத்த காலை எடுத்தாள். கதவு மூடிக்கொண்டது. மேரியும் சரக்கெடுக்கக் கரைக்குப் போய்விட்டாள். பழைய பேருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தது. அது பொன்னேரி போய்ச் சேர்வதற்குள் ருக்குவின் உயிர் போய்விட்டது.

யாரும் மேரியைக் குறை சொல்லவில்லை. நடந்ததை அவளும் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று மாதத்தில், மூடி போட்ட டப்பாவில் மீன் ஏற்றலாம் என்று உத்தரவு வந்தது. மேரிக்கு மாலை போட்டார்கள். அவளால் அந்தப் பேருந்தில் ஏற முடியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள். திரும்பினால் யாரும் இல்லை. பிறகு அந்த மூச்சு சந்தைக்கும் வந்தது, மாதா கோயில் பூசைக்கும் வந்தது. மேரி பயந்துபோனாள். ருக்குவின் மகள் ஷாலினியிடம் சொல்லாமல் இது விடாது என்று தெரிந்தது. சொன்னால் அந்தப் பெண் தன் முகத்தில் விழிக்கமாட்டாள் என்பதும் தெரிந்தது. தினமும் "அத்தே" என்று கூப்பிட ஊரில் அவள் ஒருத்திதான் மிச்சம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஷாலினி துணி அலசிக்கொண்டிருந்தபோது போய் நின்றாள்.

"உங்கம்மாவ பஸ்லேர்ந்து நாந்தான் எறக்கிவுட்டேன். நெஞ்சு கனக்குதுன்னு சொல்லிச்சு. நான் நம்பல."

ஷாலினி கையிலிருந்த புடவையைப் பிழிந்துகொண்டே இருந்தாள். அதில் தண்ணீர் நின்று வெகுநேரமாகியிருந்தது.

"தெரியும் அத்தே. நீ கரைக்குப் போன பின்னாடி அம்மா எனக்குப் போன் பண்ணுச்சு. இன்னொரு ஏ.சி. பஸ் வந்து நிக்குது, மேரி இல்ல, ஏறிக்கட்டுமான்னு கேட்டுச்சு."

ஷாலினி புடவையை உதறிக் கொடியில் போட்டாள்.

"நாந்தான் வேணாம்னேன். ஊர்ல பேர் கெட்டுப்போவும், பழைய பஸ்லயே போம்மான்னு சொன்னேன். ரொம்ப வலிக்குதான்னுகூட நான் கேக்கல."