யூட் அண்ணை எறிய மறுத்த பாக்

யூட் அண்ணை போய்விட்டார்.

நேற்றுக் காலை வட்ஸ்அப் குரூப்பில் செய்தி வந்தபோது நான் நம்பவில்லை. உயிரோடு இருந்த ஒரு மாஸ்டருக்கே முன்பு கண்ணீர் அஞ்சலி போட்ட குரூப் அது...

அவருடைய நம்பருக்கே எடுத்துப் பார்த்தேன். மனைவி செலின் அக்காதான் பேசினார். "ஓம் தம்பி, உண்மைதான். நெஞ்சு நோகுதெண்டவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகேக்கையே முடிஞ்சுது."

கிளிநொச்சியில் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவர் பேக்கரிப் பாண் விற்கிற ஓட்டோக்காரர். காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவாரே, அவர்தான். எனக்கு அவர் ஹீரோ. சும்மா சொல்லவில்லை, சில வருடங்களுக்கு முன் நாங்கள் கொஞ்சப் பேர் சேர்ந்து எடுத்த படத்தின் கதாநாயகன் அவர். நான் அதில் மைக் பிடித்தவன்.

படம் பார்க்காதவர்களுக்கு... ஒரு மனிதனுக்கு உலகம் முடியப்போவது போலக் காட்சிகள் தெரியும். கடல் எழும்பி, முல்லைத்தீவைத் தாண்டி, இரணைமடுக் குளக்கட்டு வரை வருவதாகக் காண்பான். எந்த நேரமும் ஓடுவதற்கு உடுப்பும் சாமானும் போட்டு ஒரு பாக் அடுக்கி வைத்திருப்பான். மனைவி நம்பமாட்டாள். குடும்பம் அதிலேயே உடையப் பார்க்கும்.

யூட் அண்ணை ஸ்கிரிப்ட்டைத் தொடவே மாட்டார். டைரக்டர் எழுதியது ஒன்று, இவர் பேசியது ஒன்று.

"தண்ணி வரேக்க சத்தம் கேக்காது. முதல்ல நாய் எழும்பும். நாயைப் பாத்துக்கொண்டிரு" என்றார் ஒரு ஷொட்டில். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உடம்பு சிலிர்த்தது.

உடனே சந்தேகமும் வந்தது. என்னுடைய குணம் அப்படி... ஏதோ வெளிநாட்டுப் படத்தில் சுட்டுவிட்டார் என்று யூடியூப் முழுக்கத் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த சந்தேகம் செலின் அக்கா மேல். ஷூட்டிங் நடந்த நாளெல்லாம் ஸ்கூட்டியில் வந்து, ஒரு பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிடுவார். யாரோடும் கதை இல்லை.

படத்தில் மனைவியாக நடித்தது வவுனியாவில் இருந்து வந்த ஒரு டீச்சர். அக்காவுக்கு எரிச்சல், புருஷனைக் காவல் காக்கிறார் என்று எங்களுக்குள் சிரித்தோம்.

ஆனால் அக்கா டீச்சரைப் பார்க்கவே இல்லை. அண்ணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கள்ளனைப் பார்ப்பது போல.

ஒருநாள் என்னிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "தம்பி, இந்தக் கதை ஆர் எழுதினது?"

"டைரக்டர்தான் அக்கா."

"அந்த நாய் எழும்புற கதையுமோ?"

"இல்லையக்கா, அது அண்ணை தானாச் சொன்னது."

அக்காவின் முகம் கறுத்துப்போனது. ஏன் என்று கேட்க முதல் ஸ்கூட்டியில் ஏறிவிட்டார்.

பிறகு அந்த பாக்... கடையில் வாங்கியது கமராவில் புத்தம்புதுசாகத் தெரிந்தது. "பொறுங்கோ, நான் கொண்டு வாறன்" என்று அண்ணை வீட்டுக்குப் போய் ஒன்றைக் கொண்டுவந்தார்.

திறந்தால் இரண்டு பேருக்கு உடுப்பு, மெழுகுதிரி, நெருப்புப்பெட்டி, ஜெபமாலை, பொலித்தீனில் சுற்றிய அடையாள அட்டைக் கொப்பிகள், பிஸ்கட். பிஸ்கட் புதுசு. நடிப்புக்கு அடுக்கிய பாக் இல்லை இது என்று உடனே விளங்கியது. அண்ணைக்கு உண்மையிலேயே ஏதோ பிழை என்று முடிவு கட்டினேன்.

கடைசிக் காட்சியில் அந்த மனிதன் சுகமாகி, பாக்கைக் குளத்துக்குள் எறிய வேண்டும். செலின் அக்கா வழமைபோலக் கதிரையில். அன்று ஏனோ ஸ்கூட்டி இல்லை. நல்ல சாறி, மடியில் பெரிய ஹாண்ட்பாக்.

"நான் எறியமாட்டன்" என்றார் அண்ணை.

டைரக்டர் கெஞ்சினார், கத்தினார். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. படம் முடிகிற நேரம் ஆளுக்குத் தலைக்கனம் வந்துவிட்டது என்று நானும் புறுபுறுத்தேன்.

"எறியமாட்டன் எண்டா எறியமாட்டன். தூக்கிக்கொண்டு வீட்டை நடக்கிறன். வேணுமெண்டா அதை எடுங்கோ."

அப்படித்தான் எடுத்தோம். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டியது அந்த முடிவைத்தான்.

இன்று செத்தவீட்டுக்குப் போனேன். பெட்டிக்குள் அண்ணை போட்டிருந்த வெள்ளைச் சேட்டில் மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்தன. அயன் பண்ணிப் போடக்கூட ஒருவரும் இல்லையா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கா கண்டுவிட்டார்.

"அந்த பாக்குக்குள்ள இருந்த சேட் தம்பி. நான்தான் அவருக்கெண்டு மடிச்சு வச்சது."

பிறகு தானாகவே சொன்னார். "கடல் வாற மாதிரித் தெரியிறது எனக்குத்தான். அவருக்கில்லை. அந்த நாய்க்கதையும் நான் வீட்டில சொன்னதுதான். படத்தில அந்த டீச்சர் 'உனக்கு விசர்' எண்டு கத்தினதெல்லாம், வீட்டில அவர் என்னைப் பாத்துக் கத்தினது. என்னை மாதிரி நடிச்சுக் காட்டி ஊரைச் சிரிக்க வைக்கப்போறார் எண்டுதான் ஒவ்வொரு நாளும் வந்து பாத்தனான்."

அக்கா பெட்டியைப் பார்த்தபடி தொடர்ந்தார்.

"அண்டைக்கு எறிஞ்சிருந்தா நான் முல்லைத்தீவுக்கு, அம்மா வீட்டை போயிருப்பன். வெளிக்கிட்டுத்தான் வந்தனான். எறியேல்லை... கொண்டந்து கதவடியில வச்சிட்டு, நெருப்புப்பெட்டி ஈரம் பிடிச்சிட்டுது, வேற வை எண்டவர்."

சொல்லிவிட்டு அண்ணையின் சேட் கொலரைச் சரிசெய்தார். நான் அழுதுவிட்டேன்.

வெளிக்கிடும்போது பார்த்தேன், கதவடியில் அந்த பாக். சனம் தடக்கி விழும், ஓரமாக வைப்போம் என்று தூக்கினேன். வெறுமையாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். நல்ல பாரம்.

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன்.

"அவற்ற வேற சேட் ஒண்டு வச்சிட்டன்" என்றார்.

சரி யூட் அண்ணை... போங்கோ. பாக் கதவடியிலதான் இருக்கு.