நேற்று வெளுத்த பல்

சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வது எனக்குப் பள்ளிக்கூடத்திலேயே ஒட்டிக்கொண்ட பழக்கம். எங்கள் ஊர் போர் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களில் பலருக்கு முன்பற்களில் பழுப்புக் கோடு இருக்கும். எனக்கு மேல்வரிசை முழுக்க இருந்தது. எத்தனை தேய்த்தாலும் அது அசையவில்லை, ஈறுதான் தேய்ந்தது. ஆலத்தியூர் பக்கம் சிமென்ட் ஆலையில் எடைமேடை வேலை கிடைத்த பிறகும் லாரி டிரைவர்களிடம்கூட உதட்டைப் பிரிக்காமல்தான் பேசுவேன். முதலில் வந்த பெண் வீட்டார், பையன் பாக்குப் போடுவான் போல என்று சொல்லி ஒதுங்கிவிட்டார்கள். எனக்கு வெற்றிலைகூட ஆகாது. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அடுத்த வரன் அரியலூரிலிருந்து வந்தது. போட்டோவில் அந்தப் பெண் வாயை மூடியபடி நின்றிருந்தாள். அடக்கமான பெண் என்று அம்மா மெச்சிக்கொண்டாள். எனக்கு அந்த முகம் பார்த்ததுமே பிடித்துவிட்டது. பயமும் அன்றைக்கே பிடித்தது. அடுத்த வாரம் பெண் பார்க்கப் போவதாகப் பேச்சு. இந்தப் பல்லோடு போனால் இதுவும் போய்விடும் என்று பெரம்பலூரில் ஒரு பல் டாக்டரைத் தேடிப் போனேன்.

கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தவர், இது மேலே ஒட்டிய கறை இல்லை, பல் முளைக்கும் முன்பே உள்ளே ஏறியது, சுத்தம் செய்தால் மட்டும் போகாது என்றார். பல்லுக்கு அச்செடுத்துத் தட்டு செய்து கொடுத்தால் வீட்டிலேயே மருந்து வைத்து மாட்டிக்கொள்ளலாம், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். நாற்காலியிலேயே மருந்து தடவி லைட் அடித்தால் ஒரே நாளில் முடியும். இரண்டுக்கும் மசியாத பல்லை லேசாகத் தேய்த்து ராவி மேலே உறை ஒட்ட வேண்டும். ராவுவது என்றதுமே லைட்டே போதும் என்றேன்.

"முழுசா போயிடும்னு நெனைக்காதீங்க. மங்கும், அவ்வளவுதான். ரெண்டு நாளைக்குப் பல்லு கூசும். சூடு, சில்லு ரெண்டும் ஆகாது. காபி, டீ, மஞ்சள் போட்ட கொழம்பு, கலர் எதையும் தொடாதீங்க," என்றார்.

உதடுகளை விரித்துப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் வளையம் மாட்டி, ஈறு வெந்துவிடாமல் ஏதோ பூசி, பற்களில் மருந்தைத் தடவி, நீல வெளிச்சத்தைக் காட்டினார்கள். நடுநடுவே ஒரு பல்லில் சுரீர் என்று இழுத்து நெற்றி வரை ஏறும். முடிந்து கண்ணாடியில் பார்த்தால், கோடு இருந்த இடம் தெரிந்தது, ஆனால் பழுப்பு இல்லை. சந்தோஷம் வீடு வரைக்கும்தான். பெண்ணின் அப்பாவுக்கு அடுத்த வாரம் ஏதோ வேலையாம், நாளைக்கே நல்ல நாளாம். தள்ளிப்போடலாம் என்றேன். இழுத்தடித்தால் இஷ்டமில்லை என்று நினைப்பார்கள் என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். பிடிக்காத வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். கிளம்பும்போது அதையும் காதில் போட்டாள்: "புடிச்சா காபியக் குடி. புடிக்கலேன்னா தொடாம வச்சிடு."

வழி நெடுக பஸ்ஸில் அதே கணக்குதான். குடித்தால் பல் போச்சு. குடிக்காவிட்டால் பெண் போச்சு.

அரியலூர் வீட்டில் அவளே காபித் தட்டைக் கொண்டுவந்தாள். போட்டோவைவிட நன்றாக இருந்தாள். கேசரி சிவக்கச் சிவக்க இருந்தது, அதைத் தொடவில்லை. பல் போனால் போகிறது என்று காபியை எடுத்து ஒரு வாய் குடித்தேன். மேல்வரிசைப் பல் அத்தனையிலும் ஒரே நேரத்தில் சுரீர் என்றது. முகம் தானாகக் கோணியது. டம்ளரை டக்கென்று கீழே வைத்துவிட்டேன். நிமிர்ந்தால், அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"தம்பிக்கு இஷ்டமில்ல போலிருக்கு," என்றார் அவள் அப்பா, யாரையும் பார்க்காமல்.

சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் இவள் முகத்தைப் பார்த்துத்தான் நான் கோணினேன் என்று ஆயுசுக்கும் நினைப்பாள். அதை நினைக்கவே எனக்குத் தாங்கவில்லை. பழுப்புக் கோடு, நீல வெளிச்சம், கூச்சம், கேசரியின் கலர் என்று அத்தனையையும் கொட்டிவிட்டேன். அம்மா புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் கை வாய்க்குப் போயிற்று. அந்தக் கையை எனக்குத் தெரியும். இத்தனை வருஷமாக என்னிடம் இருந்த கை அது. என் வெள்ளைப் பல்லைப் பார்த்துத்தான் மூடுகிறாள் என்று தோன்றியதும், டாக்டரிடம் போயிருக்கவே வேண்டாம் என்றிருந்தது.

"மூடாதீங்க," என்றேன். "நேத்து வரைக்கும் நானும் அப்படித்தான்."

அவள் உள்ளே போனாள். திரும்பி வந்தபோது தட்டில் ஆற்றிய பால் இருந்தது. சர்க்கரை மட்டும் போட்டிருப்பதாகச் சொன்னாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் சிரிப்பை மூட முடியவில்லை. மேல்வரிசையில் அதே பழுப்புக் கோடு.

ஆறின பாலுக்கும் பல் கூசத்தான் செய்தது. டம்ளர் காலியாகும்வரை நான் அதைக் கீழே வைக்கவில்லை.