இளவரசனுக்கு இணைச்சீர் செய்த சாமியாத்தாள்

திருப்பூருக்கு வந்துபோன இளவரசர்களில் ஒருவனுக்கு அக்காவாகும் பாக்கியம் வேலம்பாளையத்துச் சாமியாத்தாளுக்குக் கிடைத்தது. அறுபத்தொன்றாம் வருஷம், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தகரக் கொட்டகையில், டிக்கெட் வாங்கிய பொதுமக்கள் முன்னிலையில் அது நடந்தது. ஆகையால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று பின்னால் அவள் வீட்டுக்காரர் சொன்னதை யாரும் நம்பவில்லை.

சாமியாத்தாள் பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியனுக்குள் கையை விட்டு வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பார்ப்பாள். ஓட்டையோ தையல் விட்டதோ இருந்தால் டேமேஜ் என்று ஒரு பக்கமாக வீசுவாள். வேலை முடிந்ததும் அந்தக் கண்ணைக் கழற்றிக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வர வழியில்லை. அதனால் அக்கம்பக்கத்து மருமகள்கள், கோயில் பூசாரி, கறிக்கடைத் தராசு எல்லாமே சாயங்காலத்தில் செக்கிங் ஆயின. கணவர் நாச்சிமுத்து நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவர். மிஷின் இரைச்சலில் காது மந்தமாகிவிட்டதாகச் சொல்லிக்கொள்வார். டீக்கடையில் நன்றாகக் கேட்கும். வீட்டில்தான் கேட்காது.

சாமியாத்தாளின் வாழ்க்கையிலேயே ஒரு டேமேஜ் இருந்தது. அவளுடைய ஒரே தம்பி மயில்சாமி, அதே கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், முப்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாமல் நின்றான்.

நம் பக்கத்துக் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் செய்யும் சீர் ஒன்று உண்டு. இணைச்சீர் என்று பெயர். அந்த ஒரு நாழிகைக்கு மணப்பெண்ணே இரண்டாம்பட்சம். அக்காளோ தங்கையோ பட்டுடுத்தி, மூங்கில் பேழையைத் தலையில் சுமந்து வந்து மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பாள். கூறைச்சேலையின் ஒரு முனை அவன் கையிடுக்கில் இருக்கும், மறுமுனை அவள் கையில் இருக்கும். இது முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். தம்பி என்று ஒருவன் இருந்தும் அந்தச் சேலை முனையைப் பிடித்தறியாத அக்காளை ஒறம்பரை என்கிற சொந்தக்காரர் கூட்டத்தில் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை ஆண்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

மயில்சாமி பெண் பார்க்கப் போகாமல் இல்லை. வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பலகாரம் தின்றுவிட்டு, "ரோசனை பண்ணிச் சொல்றனுங்க" என்று வருவான். குறுக்கே நின்றவள் மந்தாரவல்லி.

மந்தாரவல்லி யாரென்று அந்த வருஷம் திருப்பூரில் யாரும் கேட்கவில்லை. ஒரு வாரப் பத்திரிகையில் வந்த 'கோட்டைக் குயில்' தொடர்கதையின் கதாநாயகி. செக்கிங் ஹாலில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த பூவாத்தாள் உரக்கப் படிக்க, மற்றவர்கள் நூல் பிசிர் வெட்டிக்கொண்டே கேட்பார்கள். கட்டிங் மேஜையிலிருந்து மயில்சாமியும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காதைத் தீட்டுவான். மந்தாரவல்லி பாதாளச் சிறையில் அடைபட்ட வாரம் இங்கிருந்து கல்கத்தா போன பனியன்களுக்கெல்லாம் கழுத்து இருந்ததா என்பதே சந்தேகம்.

பிறகு கதை படமாக வந்தது. மயில்சாமிக்குச் சீக்கு முற்றியது. பார்த்த பெண்ணெல்லாம் மந்தாரவல்லியைப் போல் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்கவேண்டும் என்று எதிர்பார்த்தான். அருள்புரத்தில் ஒரு பெண்ணை அப்படித் திரும்பச் சொல்லியே கேட்டுவிட்டான். அந்தப் பெண் திரும்பி உள்ளே போனவள்தான்.

கடைசியாகப் பார்த்தது அவிநாசிபாளையத்துச் சென்னியப்பனின் மகள் சுப்புலட்சுமியை. பருத்திக் காடு வைத்திருக்கிற குடும்பம். சாமியாத்தாள் பெண்ணை வெளிச்சத்துக்கு நேரே நிறுத்திப் பார்க்காத குறையாகப் பார்த்தாள். ஒரு பிசிர்கூட இல்லை. மயில்சாமி வழக்கம்போல ரோசனையில் இறங்கினான். மூன்று வாரம் பொறுத்த சென்னியப்பன் ஆளனுப்பினார். திங்கட்கிழமை திருப்பூருக்கு வருகிறாராம். அதற்குள் ஒரு சொல் சொல்லாவிட்டால் ஆவணியில் வேறு இடத்துக்கு வாக்குக் கொடுத்துவிடுவாராம்.

"டேய் மயிலு, என்னடா சொல்ற?"

"ஞாயித்துக்கெழமை நாடகம் பாத்துட்டுச் சொல்றங்க்கா."

"நாடகத்துக்கும் உன்ற கல்யாணத்துக்கும் என்னடா?"

"படத்துல பாத்தது நெழலுக்கா. மேடையில உசுரோட வரப்போறா. அவளப் பாத்துட்டு இவள நெனச்சுப் பாத்தா, மனசு எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரிஞ்சுபோயிரும்."

நாச்சிமுத்துவின் காது அப்போது பார்த்து நன்றாகக் கேட்டது. "நல்ல தராசுடா மாப்ள," என்றார்.

'கோட்டைக் குயி'லை நாடகமாகப் போட மதராஸிலிருந்து லாரி லாரியாக சீன்களோடு வந்திருந்தது ஒரு நாடகக் கம்பெனி. நிஜ மழை, நிஜக் குதிரை, ஆகாய ரதம், முப்பது பாட்டு என்று நோட்டீஸ் சொன்னது. நோட்டீஸில் போட்டதெல்லாம் மேடையிலும் வந்ததால் ஊர் கதிகலங்கிப்போயிருந்தது. சாமியாத்தாள், தம்பியின் சொல்லை அங்கேயே பிடுங்கிக்கொண்டு வரும் உத்தேசத்தில், பூவாத்தாளையும் கூட்டிக்கொண்டு பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள். மயில்சாமி மந்தாரவல்லியின் பார்வை படுகிற தூரத்தில் முன் பெஞ்சியில் இருந்தான். பின்னால் நாச்சிமுத்து.

திரை ஏறியதும் சாமியாத்தாளுக்கு வந்த காரியம் மறந்துபோயிற்று.

கோட்டை வாசல் திறந்தது. நிலா ஒன்று கயிற்றில் நகர்ந்தது. நடுவில் ஒரு தரம் நின்று, யாரோ இழுக்க, மறுபடி நகர்ந்தது. நிஜ நிலா இத்தனை பொறுப்பாக நகர்ந்து அவள் பார்த்ததில்லை. குழாயிலிருந்து மழை கொட்டியது. முதல் வரிசை நனைந்து, நனைந்ததற்காகக் கை தட்டியது. குதிரை ஊரிலே ஜட்கா வண்டிக்காரரிடம் வாடகைக்கு எடுத்தது. தன் முதலாளியைப் பெஞ்சியில் கண்டுகொண்டு, இளவரசன் எவ்வளவோ உதைத்தும் போருக்குப் போகாமல் அவரைப் பார்த்தே நின்றது. இளவரசன் அந்தக் கஷ்டத்திலும் மூச்சுப் பிடித்து ஒரு பாட்டை எட்டுக்கட்டையில் பாடி முடித்தான். படத்தில் வாயசைத்தவன் ஒருத்தன், பாடியவன் ஒருத்தன். இங்கே கழுத்து நரம்பு புடைக்க ஒரே ஆளே பாடுகிறான்! 'ஒன்ஸ் மோர்' என்று கொட்டகை அலறியது. செத்துக் கிடந்த சேனாதிபதி எழுந்து மறுபடி செத்தார்.

"ஏனக்கா அழுவுறீங்க?" என்றாள் பூவாத்தாள்.

"அழுவுல. சிரிச்சனா, கண்ணுல தண்ணி வருது. நீ மூடிக்கிட்டுப் பாரு அம்முணி, ரதம் வருதாட்ட இருக்குது."

ரதம் கிறீச்சென்று வந்தது. இளவரசனும் மந்தாரவல்லியும் இறங்கினார்கள். மணவறை, வாழைமரம், மேளம். ஐயர் வேஷக்காரர் தாலியை எடுத்து நீட்டினார். இளவரசன் கையில் வாங்கினான்.

சாமியாத்தாளின் செக்கிங் கண் சட்டென்று விழித்தது.

கதையில் இந்த இடத்தில் 'விவாகம் இனிதே நடந்தேறியது' என்று ஒரே வரி. அந்த ஒரு வரிக்குள் சாமியாத்தாள் முகூர்த்தக்கால் முதல் பந்தி வரை தானே நடத்திக்கொண்டாள். படத்தில் இரண்டு பூக்கள் முட்டிக்கொண்டன, மணி அடித்தது. பூவுக்குப் பின்னால் எல்லாம் முறையாக நடந்திருக்கும் என்று அவள் நம்பினாள். மேடைக்காரர்கள் பாவம், கல்யாணத்தை முழுசாகக் காட்டித் தொலைத்தார்கள். முழுசாகக் காட்டினால் ஓட்டை தெரியாமல் இருக்குமா?

"நிறுத்துங்க!"

மேளம் நின்றது. அத்தனை தலையும் திரும்பியது.

"இணைச்சீர் செய்யாம எப்புடீங்க தாலி கட்டுவீங்க?"

பெண்கள் பக்கத்திலிருந்து, "அதானே!" என்று ஒரு குரல். "மாப்பளைக்குக் கூடப்பொறந்தவ எங்க?" என்று இன்னொன்று. அதுவரை நாடகமாகப் பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரையாக மாறிவிட்டது. சாப்பாடு சரியில்லை என்று யாரும் கிளம்பாததுதான் குறை.

நாடகக் கம்பெனி மானேஜர் தஞ்சாவூர்க்காரர். பக்கத் திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அம்மா, இது நாடகம்மா!"

"நாடகம்னா என்னங்க? தாலி கட்டறீங்கல்ல? கதையில சித்திரலேகான்னு ஒரு தங்கச்சி இருந்தாளே, அவ எங்க போனா?"

"படத்திலேயே அந்தத் தங்கையை எடுத்துட்டாங்கம்மா. நாங்க படத்தைப் பார்த்துத்தான் போட்டிருக்கோம்."

"தங்கச்சியை எடுத்துப்போட்டுட்டுக் கல்யாணம் பண்ணுனா வெளங்குமுங்களா?"

"சீர் செய்யச் சொல்லுங்க!" என்று ஆண்கள் பக்கமும் எழுந்தது. தகரக் கூரை அதிர்ந்தது. மானேஜர் கூட்டத்தைப் பார்த்தார், கொட்டகையின் கால்களைப் பார்த்தார். "எவ்வளவு நேரம்மா ஆகும்?" என்றார்.

"ஆராச்சும் ஒருத்தி வந்து சேலையப் புடிச்சாப் போதுமுங்க."

"அப்ப நீங்களே வாங்கம்மா!"

சாமியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள். முன் பெஞ்சியில் மயில்சாமி துண்டால் முகத்தை மூடி, அவளைத் தெரியாதவன் போல் உட்கார்ந்திருந்தான். பக்கத்து ஆள், "உங்கக்காளுங்களா?" என்று கேட்டதற்கு, "எந்த ஊரோ என்னமோ," என்றான்.

மேடை வெளிச்சத்தில் கண் கூசியது. கூறைச்சேலை என்று அவர்கள் நீட்டியது ஜிகினா ஒட்டிய ஜன்னல் திரை. பேழைக்குப் பதில் இரண்டாம் அங்கத்தில் பாம்பு இருந்த கூடை. காலி என்று மானேஜர் சத்தியம் செய்த பிறகே தலையில் வைத்தாள். இளவரசனுக்குப் பாவம், வேஷத்தைக் கலைக்காமல் பேசிப் பழக்கம். "அம்மணி! யாம் செய்யவேண்டியது யாது?" என்றான்.

"கம்முனு நில்லு சாமி. கைய ஒசத்து. இத இடுக்கிக்கோ. கிரீடத்தச் சித்தச் சாய்ச்சுக்கோ, கண்ணுல குத்துது."

ஜிகினாச் சேலையின் ஒரு முனையை அவன் கையிடுக்கில் செருகி மறுமுனையைத் தன் கையில் பிடித்தாள். ஆர்மோனியக்காரர் தானாகவே மங்கல ராகம் ஒன்றை எடுத்தார். பெண்கள் பக்கம் குலவையிட்டது. பின்வரிசையிலிருந்து நாச்சிமுத்துவின் குரல், கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக ஓங்கிக் கேட்டது: "ஏ சாமியாத்தா, இறுக்கிப் புடி!"

சாமியாத்தாள் இறுக்கிப் பிடித்தாள். இத்தனை வருஷம் காலியாக இருந்த கையில் ஒரு முனை வந்து சேர்ந்துவிட்டது. மனசு பொங்கிவிட்டது. "நல்லா இரு சாமி," என்று இளவரசனின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். கையோடு கொஞ்சம் ரோஸ் பவுடரும் வந்தது.

அதைப் பார்த்ததும் மயில்சாமியின் துண்டு விழுந்தது. மந்தாரவல்லி இரண்டு முழ தூரத்தில் உயிரோடு நிற்கிறாள், தோளுக்கு மேலாகத் திரும்பியும் பார்க்கிறாள். அவன் பார்க்கவில்லை. அவன் கண்ணெல்லாம் அக்காளின் கையில் இருந்த சேலை முனையின் மேல்.

"அக்கா!" என்று எகிறி மேடையில் குதித்தான். "உடுங்க்கா அத! அது என்ற எடம்!"

"ஆர்றா நீ? எந்த ஊரோ என்னமோன்னு சொன்னவந்தானே?" சாமியாத்தாள் முனையை விடவில்லை.

"எவனோ பவுடர் பூசுனவனுக்குச் செய்யறீங்களே, எனக்கு ஆரு செய்வாங்க?"

"உனக்கா? செய்யலாமே. பொண்ணு ஆரு?"

மயில்சாமி விழித்தான். இளவரசன் கையை உயர்த்தியபடியே, "சொல்லித் தொலைய்யா, கை வலிக்குது," என்றான். வேஷம் கலைந்தது அப்போதுதான்.

"அவிநாசிபாளையத்துப் புள்ள!" என்று கத்தினான் மயில்சாமி.

"ஒன்ஸ் மோர்!" என்றது கொட்டகை.

இன்னொரு தரம் கத்த வேண்டியதாயிற்று. அப்படியும் பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். மூன்றாம் தரத்துக்கு ஆர்மோனியக்காரர் சுருதி கொடுத்தார்.

மறுநாள் சென்னியப்பன் வந்தார். சாமியாத்தாள் காப்பியோடு சம்மதத்தையும் சேர்த்து நீட்டினாள். அவர் காப்பியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

"நேத்து நாங்களும் நாடகத்துக்கு வந்திருந்தமுங்க. எங்க சுப்புலட்சுமி அம்முணியும் இருந்தா. உங்களுக்குப் பின்னாடி நாலு வரிசை தள்ளி."

சாமியாத்தாள் ஓர் எட்டு முன்னால் வந்தாள். "என்னங்க சொல்லுச்சு?"

"ரோசனை பண்ணிச் சொல்றேன்னு சொல்லீட்டாளுங்க."

அந்த வாரம் சாமியாத்தாள் கையால் தேறிப்போன பனியன்களைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. மயில்சாமி சோறு இறங்காமல் திரிந்தான். அவனைப் பார்த்துவிட்டு ரோசனையில் இருக்கும் ஒரு பெண்ணை நினைத்து இரண்டு தரம் தன் விரலையே கத்தரிக்கப் போனான். சனிக்கிழமை ஆள் வந்தது. சுப்புலட்சுமி சொல்லியனுப்பியதை ஆள் ஒப்பித்தார்: "அன்னிக்கு மேடையில நின்ன ரெண்டு மாப்பளையில, வேட்டி கட்டுனவரே போதுமுன்னு சொல்லச் சொல்லுச்சுங்க. ஆனா என்னையத் திரும்பிப் பாரு, பாட்டுப் பாடுன்னெல்லாம் கேக்கப்படாதாமுங்க."

நாடகக் கம்பெனிக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கோபி, தாராபுரம் என்று போன இடமெல்லாம் இணைச்சீர் காட்சியைச் சேர்த்துக்கொண்டார்கள். பிரமாதமான வரவேற்பு. அதே தைரியத்தில் தஞ்சாவூர்ப் பக்கமும் போட்டார்களாம். அங்கே ஜனங்கள், சேலை முனையைப் பிடித்து நிற்பவளைப் பார்த்து, இளவரசன் மூத்த சம்சாரம் இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் செய்துகொள்கிறான் என்று நினைத்துக் கல்லெடுத்தார்களாம்.

ஆவணியில் கல்யாணம். சாமியாத்தாள் அரக்குப் பட்டில் பேழையோடு வந்து நின்றபோது மணப்பெண்ணைக் கேட்பாரில்லை. அசல் கூறைச்சேலை, அசல் தம்பி. மங்கல வாழ்த்துப் பாடி முடிந்தது. சீர் நடத்துகிற அருமைக்காரர், "ஆச்சு, முனைய உடு அம்முணி," என்றார்.

சாமியாத்தாள் விடவில்லை.

"முகூர்த்தம் போகுதுங்கறேன்!"

"போகட்டுமுங்க," என்றாள் அவள். தம்பியையும் சேலையையும் கூட்டத்தையும் ஒரு சுற்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு, "சித்த இருங்க," என்றாள்.