கொடியில் காய்ந்த புருஷன்

ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்கு மடிப்பக்கா என்று பெயர். கசங்கிய துணி கண்ணில் பட்டால் கை தானாக நீண்டுவிடும். மூலையோடு மூலை சேரும், முழங்கையால் ஒரு தேய்ப்பு, படுக்கை விரிப்பு செங்கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். கைக்கு இருந்த உறுதி நெஞ்சுக்குக் கிடையாது. கதவு தட்டினால் பயம். தபால் வந்தால் பயம். யாராவது கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டால், என்ன தப்பு செய்தோம் என்று முதலில் யோசிக்கிற ரகம்.

அப்படிப்பட்டவள் ஆயுசிலேயே துணிந்து செய்த காரியம் ஒரு பொய். அதுவும் பயத்தில் செய்ததுதான்.

புருஷன் பஸ் மெக்கானிக். மகள் நடை பழகிய வயதில், வேறு ஊரில் நல்ல வேலை என்று சொல்லிப் பெட்டியோடு போனான். வேலை கிடைத்ததோ என்னவோ, வேறொருத்தி கிடைத்துவிட்டாள் என்று மட்டும் சேதி வந்தது. பிறகு அந்தச் சேதியும் நின்றுபோனது. கொஞ்ச காலம் அண்ணன் வீட்டில் ஒண்டிக் கிடந்தாள். அண்ணி சோற்றைப் போடும்போது கரண்டி போடுகிற சத்தத்திலேயே மிச்சத்தைச் சொல்லிவிடுவாள். மகள் உயர்நிலைப் பள்ளிக்கு வந்த வருஷம் தனி வீடு தேடிக் கிளம்பினாள்.

போன இடமெல்லாம் முதல் கேள்வி, "வீட்டுக்காரர் எங்கே?" இல்லை என்றதும் கதவு பாதி சாய்ந்துவிடும். கடைசியில் ஒரு சந்தில் மாடி அறை ஒன்று காலியாக இருந்தது. கீழே சொந்தக்காரக் கிழவி தனியாக இருந்தாள். புருஷன் செத்தவள், வாய் மட்டும் இன்னும் இளமையாக இருந்தவள். வீட்டுக்காரம்மா என்று சந்தே கூப்பிடும். அவளும் அதையே கேட்டாள்.

"பஸ் மெக்கானிக்கும்மா. ராத்திரி டூட்டி. பகல்ல தூங்குவாரு," என்றாள் மடிப்பக்கா.

வாயிலிருந்து விழுந்துவிட்டது. பெற்ற பொய்யை வளர்த்து ஆளாக்க வேண்டுமே. பழைய துணிக் குவியலில் தேடி ஒரு சட்டை வாங்கினாள். நீலக் கட்டம், அகலத் தோள். வாரா வாரம் அதைத் துவைத்து மாடிக் கொடியில் தெரு பார்க்கத் தொங்கவிட்டாள். அறை வாசலில் ஒரு ஜோடி பெரிய செருப்பு. யார் கேட்டாலும் அப்பா தூங்குகிறார் என்று மகளுக்குப் பாடம். வீட்டுக்காரம்மாவுக்கு முட்டி தேய்ந்து மாடிப்படி ஏற முடியாது. பொழுது சாய்ந்தால் படுத்தும்விடுவாள். அந்த இரண்டும்தான் இவளைக் காப்பாற்றின.

மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. உதவித்தொகை வந்தால்தான் படிப்பு, இல்லையென்றால் அவளும் சலவைக்கூடத்தில் நீராவியைக் குடிக்க வேண்டியதுதான். விண்ணப்பத்தை மகளே கணினியில் நிரப்பினாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள்: வீட்டில் இரண்டு பேர், அப்பா பிரிந்து போய்விட்டார், இருக்கும் இடம் தெரியாது.

விண்ணப்பத்தோடு, குடியிருப்பதற்கு வீட்டுச் சொந்தக்காரரின் கடிதம் ஒன்று கேட்டார்கள். மடிப்பக்கா கேட்டதும், வீட்டுக்காரம்மா முனை மருந்துக் கடைக்காரரைப் பிடித்து, தான் சொல்லச் சொல்ல எழுத வைத்து, உறையை ஒட்டியே கொடுத்தாள். ஒட்டிய உறையைப் பிரித்தால் அந்த அம்மா தப்பாக நினைத்துக்கொள்ளுமே என்று இவள் அப்படியே கொண்டுபோய்க் கல்லூரியில் கொடுத்துவிட்டு வந்தாள். மகளிடம்கூடக் காட்டவில்லை.

கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது. தகவல்கள் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன, பெற்றோருடன் நேரில் வரவும் என்று மகள் வாசித்ததும் மடிப்பக்கா போய்க் கதவைத் தாழிட்டாள்.

உதவித்தொகை அலுவலகம் நீளமான அறை. சுவரோரம் நாற்காலிகள், ஒவ்வொன்றிலும் மடியில் கோப்பு வைத்த ஒரு பெற்றோர். யாரும் யாரோடும் பேசவில்லை. இவர்கள் முறை வந்தது. கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருந்த அலுவலர் அம்மா இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"இது உங்க பொண்ணு எழுதினது. வீட்டுல ரெண்டு பேர்னு சொல்லுது. இது உங்க வீட்டு ஓனர் குடுத்தது. கணவன், மனைவி, ஒரு மகள்." கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். "கணவர் பஸ் மெக்கானிக், இரவு வேலை. ஒழுக்கமானவர். சத்தம் போடாதவர்."

மகள் மெதுவாகத் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மடிப்பக்கா கூசிப்போனாள். கையிலிருந்த அழைப்புத் தாளை நாலாக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

"ரெண்டுல எதும்மா உண்மை?"

மடிப்பக்கா இரண்டையும் எண்ணிப் பார்த்தாள். அவர் இல்லை என்றால் வீட்டுக்காரம்மா காதுக்குப் போகும், அறை போகும். இருக்கிறார் என்றால் அவன் சம்பளம் எங்கே, கையெழுத்து எங்கே என்பார்கள், மகள் படிப்பு போகும்.

"பொண்ணு எழுதினதுதான் மேடம்," என்றது ஒரு குரல். தன் குரல்தான் என்று பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

"அப்ப ஓனர் ஏன் இப்படி எழுதினாங்க?"

"அவங்களுக்குத் தெரியாது."

"ஒரே வீட்டுல இருந்துக்கிட்டா?" அலுவலர் அம்மா பேனாவைக் கீழே வைத்தாள். "பயப்படாதீங்க, நான் போலீஸ் இல்ல. ஆனா ரெண்டு தகவல் இடிச்சா, அதை நேராக்காம என்னால ஒண்ணும் குடுக்க முடியாது. உங்க வேலை இடத்துல என்ன பதிவு இருக்குன்னு ஒரு சான்று வாங்கிட்டு வாங்க. அந்த ஓனரும் வந்து விளக்கம் சொல்லணும். வெள்ளிக்கிழமைக்குள்ள. தெரிஞ்சே பொய்த் தகவல் குடுத்திருந்தா இந்த வருஷம் மட்டுமில்ல, இனிமே எந்த வருஷமும் கிடைக்காது. அதையும் சொல்லிடறேன்."

பயப்படாதே என்று சொல்லிவிட்டு இப்படிச் சொன்னால் பயப்படாமல் என்ன செய்வது.

பஸ்ஸில் மகள் ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாள். இறங்கும் இடம் நெருங்கும்போதுதான் வாய் திறந்தாள்.

"ஒழுக்கமானவராம். சத்தம் போடாதவராம்."

"சும்மா இருடி."

"இல்லாத மனுஷன் எப்படிம்மா சத்தம் போடுவாரு? நான் போய் ஓனரம்மாகிட்ட சொல்லவா?"

"வேண்டாம். நான்தானே சொன்னேன். நானே சொல்றேன்."

சொல்கிறேன் என்றவள் மறுநாள் சொல்லவில்லை. சலவைக்கூட மேற்பார்வையாளரிடம் சான்று மட்டும் வாங்கினாள். அங்கே சேரும்போதே கணவர் பிரிந்துவிட்டார் என்று உண்மையைத்தான் சொல்லியிருந்தாள். வாடகைக்கு விடாதவர்களிடம் பொய் சொல்ல என்ன அவசியம். அதற்கடுத்த நாளும் கீழ்க்கதவு வரை போய், அடுப்பில் ஏதோ வைத்த மாதிரி திரும்பி மேலே ஓடிவந்தாள். இப்படி வெள்ளிக்கு முந்தின நாள் வந்துவிட்டது. சாமான்களை எதில் கட்டுவது, அண்ணி முகத்தில் மறுபடி எப்படி விழிப்பது என்று மனசுக்குள் வீட்டையே காலி செய்து முடித்தபிறகுதான் கதவைத் தட்டினாள்.

வீட்டுக்காரம்மா கால் நீட்டி உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மடிப்பக்கா நின்றபடியே ஒரே மூச்சில் கொட்டினாள். சட்டை, செருப்பு, இரவு டூட்டி, கல்லூரி, வெள்ளிக்கிழமை எல்லாம்.

தைலம் தேய்த்த கை நின்றது.

"என்னடி சொல்ற? மேல ஆம்பளையே இல்லையா?"

"இல்லம்மா."

"அப்ப அந்த இருமல்? மதியத்துல கர் கர்னு ஒரு இருமல் கேக்குமே?"

"அது நான்தாம்மா. லீவு நாள்ல. சலவைக்கூடத்துப் பஞ்சு நெஞ்சுல போய் அடைச்சுக்குது."

கிழவி மாடியைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கதவின் தாழ்ப்பாளைப் பார்த்தாள். திட்டப்போகிறாள், இதோ வரப்போகிறது என்று மடிப்பக்கா தோளைக் குறுக்கிக்கொண்டாள். ஆனால் கிழவியின் முகத்தில் வந்தது கோபம் இல்லை. அந்த முகம் மடிப்பக்காவுக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம்.

"படுபாவி," என்றாள் வீட்டுக்காரம்மா. "மேல ஒரு மெக்கானிக் இருக்கான், கூப்பிட்டா ஸ்பேனரோட இறங்கி வருவான்னு நினைச்சுத்தானே நான் இத்தனை வருஷம் தூங்கினேன். குழாய் ரிப்பேர்னு ஒருத்தன் வந்து உள்ள எட்டி எட்டிப் பார்த்தான். மாடியில ஆள் தூங்குது, எழுப்பவான்னு கேட்டேன். ஓடியே போயிட்டான். யாரைடி எழுப்பியிருப்பேன்? சட்டையையா?"

 மடிப்பக்கா பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள்.

"வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவீங்களாம்மா?"

"நீயும் போயிட்டா நான் யாரை நம்பிப் படுப்பேன்? அறிவு இருக்கா உனக்கு?" கிழவி கோலை ஊன்றி எழுந்தாள். "வர்றேன். நாளைக்கு வந்து சொல்றேன். ஆனா ஒண்ணு. அந்தச் சட்டையைக் கொடியிலிருந்து எடுத்தே, தொலைச்சுடுவேன்."

வெள்ளிக்கிழமை மூன்று பேரும் அந்த நீள அறையில் உட்கார்ந்தார்கள். அலுவலர் அம்மா பழைய கடிதத்தை எடுத்து வீட்டுக்காரம்மா முன்னால் வைத்தாள்.

"போன தடவை இருக்காருன்னு எழுதினீங்க. இப்ப இல்லைங்கிறீங்க. எதை நம்பறது?"

"அப்ப சட்டையைப் பார்த்துச் சொன்னேன். இப்ப விசாரிச்சுச் சொல்றேன்."

"ஒரு தடவைகூட ஆளைப் பார்த்ததில்லையா?"

"என் முட்டியை நீ வாங்கிக்க, மாடி ஏறிப் பார்த்துட்டு வர்றேன். தனியா இருக்கிற பொம்பளைக்கு எவன்மா வீடு குடுக்கிறான்? நானே குடுத்திருக்க மாட்டேன். அதான் பொய் சொல்லியிருக்கா. உன்கிட்ட சொல்லல, என்கிட்ட சொல்லியிருக்கா. மன்னிக்கிறதா இருந்தா நான்தான் மன்னிக்கணும்."

 அலுவலர் அம்மா ஆஸ்பத்திரிச் சான்றையும் மகளின் விண்ணப்பத்தையும் வரிக்கு வரி ஒப்பிட்டாள். பேனா தாளில் ஓடியது. அந்தச் சத்தத்தைத் தவிர மடிப்பக்கா காதில் எதுவும் விழவில்லை. மகள் அவள் கையைப் பிடித்தாள்.

"உங்க மக எழுதினதும் ஆஸ்பத்திரி பதிவும் ஒத்துப்போகுது. இந்தக் கடிதத்துல தப்பு எப்படி வந்ததுன்னு குறிச்சிருக்கேன். ஓனரம்மா இங்க கையெழுத்துப் போடுங்க." கோப்பை மூடப்போனவள் நிறுத்தினாள். "அந்தச் சட்டை இன்னும் இருக்கா?"

 இல்லை என்று சொல்ல மடிப்பக்காவின் உதடு கூடிவிட்டது. வீட்டுக்காரம்மாவின் கோல் அவள் காலை இடித்தது. எந்தப் பக்கம் இடிக்கிறாள் என்று புரியவில்லை.

"இருக்கு மேடம். காலைலகூடக் காயப்போட்டுட்டுத்தான் வந்தேன்."

அலுவலர் அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"சட்டையைப் பத்தி எங்க விண்ணப்பத்துல கேள்வி இல்ல," என்று கோப்பை மூடினாள். "பணம் கல்லூரிக் கணக்குக்கு வந்துடும். அடுத்த வருஷமும் புதுசா விண்ணப்பிக்கணும். எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி சொல்லுங்க."

வெளியே வந்ததும் மடிப்பக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரும் என்று பார்த்தாள், இருமல்தான் வந்தது. "எழுந்துட்டாருடி உங்கப்பன்," என்றாள் வீட்டுக்காரம்மா. மகள் முதல்தடவையாகச் சிரித்தாள்.

அடுத்த துவையல் நாளில் கொடியில் இரண்டு சட்டை காய்ந்தது. புதுசு சாம்பல் நிறம், முன்னதைவிட அகலம். வீட்டுக்காரம்மாவே காசு கொடுத்து வாங்கி வரச் சொன்னது. கீழே அவள் கதவடியிலும் ஒரு ஜோடி பெரிய செருப்பு வந்திருந்தது. மருந்துக் கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்னங்கம்மா, மேல புதுசா ஒரு ஆள்?"

"மெக்கானிக்கோட தம்பி," என்றாள் வீட்டுக்காரம்மா. "அவனுக்கும் ராத்திரி டூட்டிதான்."

மாடியில் சட்டையின் கையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்த மடிப்பக்காவுக்கு அது நன்றாகவே கேட்டது. கடிதக் கணக்கில் இப்போது வீட்டில் நாலு பேர். அடுத்த வருஷ விண்ணப்பத்துக்கும் கடிதம் எழுதப்போவது அதே மருந்துக் கடைக்காரர்தான்.