கறுப்புப் பேட்ச் கட்டிய கேப்டனும் நாலு மணி லாஞ்சும்

இன்று எங்கள் ஆபிஸ் கவுன்டரில் ஒரு கடல் கொள்ளைக்காரி உட்கார்ந்திருந்தாள்.

நான்தான்!

(தலையில் சிவப்புக் கர்ச்சீப், தோளில் பொம்மைக் கிளி. கிளி மேனேஜர் மகளுடையது. பத்திரமாகத் திருப்பித் தர வேண்டுமாம்.)

தெரியாதவர்களுக்கு: ராயபுரத்தில், கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி ஒன்றில் மூன்று வருடமாகக் குப்பை கொட்டுகிறேன்.

ஹெட் ஆபிசிலிருந்து மெயில். இன்று பைரேட் (கடல் கொள்ளைக்காரன்) மாதிரி இங்கிலீஷ் பேசும் நாள். ஐந்து மணி வரை எல்லோரும் அப்படித்தான் பேச வேண்டும். வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். முதல் பரிசு, இந்த சனிக்கிழமை லீவு!

ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனுக்குச் சர்ச்சில் புதுநன்மை விழா. சனிக்கிழமை வீட்டில் வேலை தலைக்கு மேல். என் லீவு லெட்டர் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டது. விடுவேனா?

"அஹோய்! ஆர்ர்ர்ர்!"

உண்மையைச் சொல்கிறேன், செம ஜாலி!

சாதாரண நாளில் இங்கிலீஷ் பேசும்போது எனக்கு உள்ளங்கை வேர்க்கும். பைரேட் இங்கிலீஷில் அந்தத் தொல்லையே இல்லை. எவ்வளவு சத்தமாகக் கத்துகிறோமோ அவ்வளவு மார்க். தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு "ஆர்ர்ர்" விட்டால் மூன்று வருட "யெஸ் சார்" எல்லாம் வெளியே வந்து விழுகிறது.

இரண்டரை மணிக்கு சேவியர் அண்ணன் வந்தார்.

திருவொற்றியூர்க்காரர். கப்பலில் போசன், அதாவது டெக்கில் வேலை செய்கிறவர்களுக்கு மேஸ்திரி. எண்ணூருக்கு வெளியே கப்பல் நிற்கிறது. கப்பலுக்கு ஆள் கொண்டுபோகும் லாஞ்ச் படகு நாலு மணிக்கு. அதற்குள் மேனேஜர் கையெழுத்துப் போட்ட ஜாயினிங் லெட்டரோடு போகவில்லை என்றால், வெயிட்டிங்கில் இருக்கும் அடுத்த ஆள் ஏறிவிடுவார்.

"அஹோய், மை ஹார்ட்டி!" என்றேன்.

அண்ணன் என்னையும் கிளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாமா, ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"ஆர்ர்ர்! வாட் பி யுவர் பிசினஸ்?"

"தங்கச்சி, பேஜாரு பண்ணாத. எட்டு மாசமா வூட்ல குந்திகினு கீறேன். இந்தக் கப்பலு போச்சுன்னா அவ்ளோதான். கையெழுத்து வாங்கிக் குடுமா."

என் கர்ச்சீப் எனக்கே அசிங்கமாக இருந்தது.

லெட்டரை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். மேனேஜர் இடது கண்ணில் கறுப்புப் பேட்ச். (இன்று அவரை கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் மெயிலில் தனியாகச் சொல்லியிருந்தார்.) ஒரு கண்ணால் பேப்பரைப் பார்த்தார், பேனாவைச் சுழற்றினார், "ஆர்ர்ர்!" என்று போட்டார் ஒரு கையெழுத்து.

போசன் கையெழுத்துப் போட வேண்டிய கட்டத்தில்!

சீலும் அங்கேயே!

"சார், இடம் மாறிடுச்சு..."

"நோ சார்! கேப்டன்!"

"கேப்டன், இடம் மாறிடுச்சு."

"ஆர்ர்ர்! கேன்சல் த பேப்பர்! கம் டுமாரோ வித் டூ ஃபோட்டோஸ், மை ஹார்ட்டி!"

நாளைக்கு. இரண்டு போட்டோவோடு. தப்பு போட்டது இவர்!

கதவருகே சேவியர் அண்ணன் நின்றிருந்தார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார், திரும்பக் கீழே வைத்தார். வீட்டுக்குப் போவதா, நிற்பதா என்று அவருக்குத் தெரியவில்லை.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ!

மேஜையில் ஓங்கி ஒரு அடி. கிளி கீழே விழுந்தது.

"யூ ஒன்-ஐ லேண்ட்லப்பர்! த போட் சேல்ஸ் அட் ஃபோர்! டேக் ஆஃப் தட் பேட்ச்! சைன் எ நியூ பேப்பர் நவ், ஆர் வாக் த பிளாங்க்! ஆர்ர்ர்ர்ர்!"

(லேண்ட்லப்பர் என்றால் கடல் வாசமே தெரியாத கரைக்காரன். வாக் த பிளாங்க் என்றால் பலகை மேல் நடந்து கடலில் விழு. இரண்டையும் காலையில்தான் கூகுளில் மனப்பாடம் செய்தேன்.)

பக்கத்து சீட்டுக்காரர் போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. என் வேலை போச்சு என்று நினைத்தேன்.

மேனேஜர் கைதட்டினார்!

"சூப்பர்மா! என்னா எக்ஸ்பிரஷன்! வீடியோல வந்துச்சா? இன்னொரு டேக் போலாமா?"

"முதல்ல சைன், கேப்டன்!"

பேட்ச்சைக் கழற்றினார். புது பிரின்ட், சரியான கட்டம், சரியான சீல். மொத்தம் மூன்று நிமிடம். மூன்றே நிமிட வேலை ஐயா!

(இதையே நான் பணிவாகத் தமிழில் கேட்டிருந்தால் மெமோ வந்திருக்கும்.)

அண்ணனை வாசல் வரை கொண்டுபோய் ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன். ஆசை அடங்காமல் கேட்டேன்.

"அண்ணா, நிஜ கொள்ளைக்காரனைப் பார்த்திருக்கீங்களா?"

"ஒரு தபா கப்பல்ல ஏறிட்டானுங்கமா. கைல கத்தி. இந்த ஆர்ரு ஊர்ரு ஒண்ணும் இல்ல. கம்முனு கயிறு, பெயின்ட் டப்பா, என் போனு அல்லாத்தையும் தூக்கிகினு எறங்கிட்டானுங்க."

"ஐயோ!"

"ஆனா ஒண்ணு. ரெண்டு போட்டோ கேக்கல. நாளைக்கு வான்னு சொல்லல. ஒரே தபாவுல மேட்டர முடிச்சிட்டானுங்க!"

நாலு மணிக்கு லாஞ்சிலிருந்து செல்ஃபி அனுப்பினார். வாயெல்லாம் பல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஐந்தரைக்கு ரிசல்ட் மெயில்.

முதல் பரிசு: எங்கள் மேனேஜர்! "டீமை உற்சாகப்படுத்தியதற்காக." அவர் அனுப்பிய வீடியோவில் அவர் கைதட்டுவது மட்டும் இருக்கிறதாம்.

ஆக, சனிக்கிழமை அவருக்கு லீவு. அவர் லீவு என்பதால் அன்று கவுன்டரைப் பார்த்துக்கொள்ள நான் கட்டாயம் வர வேண்டும்.

பைரேட் நாள் ஐந்து மணியோடு முடிகிறது என்றுதான் மெயிலில் போட்டிருந்தது.

உங்கள் ஆபிசிலாவது முடிந்ததா, மக்களே?