தலை எண்ண வந்தவர்

இறால் பண்ணைகள் கடலோர நஞ்சையை விழுங்கத் தொடங்கிய காலம் அது. ஊரில் பாதி ஆண்கள் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போயிருந்தார்கள். அவர்கள் விட்டுப்போன வயல்களைக் கம்பெனிக்காரர்கள் வாங்கிக் குட்டை வெட்டினார்கள். குட்டையின் உப்பு பக்கத்து வயலிலும் கிணற்றிலும் இறங்கியது. நாகூருக்கு வடக்கே ஒரு கடைமடைக் கிராமத்தில், அதை எதிர்த்துப் பிரச்சாரம் செய்த சிறு அமைப்பில் நான் வேலை பார்த்தேன்.

எங்கள் சென்னை அலுவலகத்துக்கு ஒரே கேள்விதான்: மக்கள் பங்கேற்பு எவ்வளவு? கூட்டத்துக்கு எத்தனை தலை, ஊர்வலத்துக்கு எத்தனை தலை. தலை குறைந்தால் இந்த ஊரைக் கைவிட்டுவிடுவார்கள். அதை நேரில் பார்க்க அங்கிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. நானும் கூட்டத்துக்குப் பந்தல் போட்டு, மைக் கட்டி, புளியோதரைப் பொட்டலங்களை அடுக்கிவைத்தேன்.

பாழாய்ப்போன நேரம், இரண்டு நாள் முன்னால் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஊரே நடவுக்கு இறங்கிவிட்டது. தேதியை மாற்றச் சொல்லிப் போன் செய்தால், அதிகாரி ரயில் ஏறிவிட்டாராம். காலிப் பந்தலில் அவரும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மைக்செட்காரர் வேறு, "ஹலோ, ஹலோ" என்று சோதித்து என் எரிச்சலைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.

அப்போது பண்ணையில் குட்டை வெட்ட ஆள் ஏற்றும் லாரி வந்து நின்றது. சாப்பாட்டு வாசனை பிடித்த டிரைவர் இறங்கி வந்தார். எதிரியானாலும் பசி பசிதானே, ஒரு பொட்டலம் கொடுத்தேன்.

"இன்னைக்கு எத்தனை பேரை ஏத்துனீங்க?" என்று அதிகாரி பேச்சுக்குக் கேட்டுவைத்தார்.

"நீங்க வேற சார். இந்த ஊர்ல ஒரு ஈ காக்கா ஏறலை. கூலிய ஏத்தித் தர்றோம்னுகூடச் சொல்லிப் பாத்தாச்சு."

"நடவு நடக்குதுல்ல, அதனாலதான்" என்றார் அதிகாரி.

"தண்ணி முந்தாநாள்தாங்க வந்துச்சு. அதுக்கு முன்னாடி வேலையில்லாம உக்காந்திருந்தப்பவும் ஏறலையே! எங்க கிணத்துல உப்பு எறக்குற குழிய எங்க கையாலயே வெட்டணுமான்னு கேக்குறாங்க. யாரு சொல்லிக் குடுத்தாங்களோ!"

நான்தான் சொல்லிக் கொடுத்தேன். மாதக்கணக்காக வீடு வீடாக ஏறி இறங்கி, யார் காதிலும் விழவில்லை என்று நொந்துபோய்ச் சொன்ன அதே வார்த்தைகள்.

அதிகாரி லாரியின் பின்பக்கம்வரை நடந்துபோய் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"லாரியில ஏறாதவங்களை ரிப்போர்ட்டுல எப்படி எழுதுறதுன்னு நான் பாத்துக்கறேன். நீங்க இந்த ஊரைப் பாருங்க" என்றார்.

அப்பாடா என்றிருந்தது. மிச்சப் பொட்டலங்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு வரப்பில் இறங்கினேன்.