குச்சியின் நாக்கு

"நாக்கைக் காணோம்" என்றார் மோரி. பேட்டர்ன் ஷாப்பில் ரம்பம் நின்றது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு ஃபவுண்டரி. டிப்ளமோ முடித்த கையோடு, வார்ப்புக்கு மர அச்சு செய்யும் அந்தப் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். மோரி மெஷின் பூட்ட வந்த ஜப்பான்காரர். எங்களோடு பழகி 'ஓகேங்க', 'போல்ட்டுங்க' என்றே பேசுவார். அவருடைய அம்மா, ஜப்பானின் வடக்கே பனித்தீவில், தனி மொழி பேசும் ஐனு பழங்குடிப் பெண். அம்மா இறந்துவிட்டதாக ஃபோன் வந்தது. கிளம்பினாலும் அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. இங்கேயே வேண்டிக்கொள்ளப் பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். அடிக்கோல் நீளம், தட்டையாக, மேலெல்லாம் அலை அலையாகச் செதுக்கியது. அதன் நுனியை மதுவில் தொட்டு நெருப்பில் சொட்டு விடுவார்களாம்.

பெட்டியில் நசுங்கி அது விரிசல் விட்டிருந்தது. ஃபோர்மேன் ஆறுச்சாமி அண்ணன் ஒட்டிக் கொடுத்தார். பேட்டர்னில் சின்னப் பள்ளம் இருந்தாலும் மணல் பிடித்துக்கொள்ளும், அதனால் எந்தப் பள்ளத்தையும் மெழுகால் அடைப்பது எங்கள் கைப்பழக்கம். நுனியில் இருந்த வெட்டையும் அடைத்து வழவழப்பாக்கியிருந்தார்.

மோரி இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: "அந்த வெட்டுதான் நாக்காம் அண்ணா. இவருக்கு அம்மாவோட பாஷை சரியா வராதாம். இவர் பாதி சொன்னா, மீதியை அந்தக் குச்சி சொல்லுமாம்."

"அட சாமீ! பேசற வாயை அடைச்சுப்போட்டனுங்களே!"

வஜ்ஜிரப் பசை காய்ச்சும் அடுப்புக்கு ஓடினார். மெழுகு இளக வேண்டும். ஆனால் சூடு மிஞ்சினால் ஒட்டிய விரிசல் விட்டுப்போகும்.

"நான் அனல்ல காட்டிக்கிட்டே இருக்கறேன். நீ ஒத்தி எடு, அம்மணி. சுரண்டிப்போடாதே!"

துணியால் ஒற்றினேன். மெழுகு ஊறி வர வர, சின்ன முக்கோணமாக நாக்கு தெரிந்தது. ஒட்டு தாங்கியது.

மோரி டம்ளரில் கொஞ்சம் மது ஊற்றினார்.

"ஏனுங்க, ஒரு சொட்டுத்தானுங்களா? எங்க கருப்பராயன் சாமின்னா முழுப் பாட்டிலுக்குக் குறைஞ்சு ஒத்துக்க மாட்டாருங்க!" என்றார் அண்ணன்.

மோரி சிரித்தார். பிறகு அதே அடுப்பின் முன் உட்கார்ந்து சொட்டு விட்டார். நாலைந்து சொற்கள் வந்தன. அதற்கு மேல் வரவில்லை. திரும்ப முதல் சொல்லையே சொன்னார். மறுபடியும் அதையே. அம்மாவைக் கூப்பிடும் சொல் அது என்று பின்னால் சொன்னார். பிறகு குச்சியை மட்டும் நெருப்பின் மேல் நீட்டிக்கொண்டிருந்தார். யாரும் ரம்பத்தைப் போடவில்லை.

பூட்டிய மெஷின் ஓடத் தொடங்கியதும் மோரி ஊருக்குப் போய்விட்டார். திரும்ப வரவில்லை. டிராயிங்கில் இல்லாத பள்ளத்தைக் கண்டால், மெழுகை எடுக்கும் முன் அண்ணன் இன்றும் கேட்கிறார்:

"அம்மணி, இதை அடைக்கலாமா? யாருக்காச்சும் பேச வேணுமா?"